முன்மொழிவைத் திரும்பப் பெறுதல்: இங்கிலாந்தும் ஜெர்மனியும்

எதிர்த்தரப்பு ஏற்பதற்குமுன் ஒப்பந்த முன்மொழிவைத் திரும்பப் பெறலாமா? பெறலாம் என்கிறது இங்கிலாந்துச் சட்டம், கெடு கொடுத்திருந்தாலும்கூட. 1876-இல் தீர்ப்பான டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கைப் பாருங்கள். 800 பவுண்டுக்கு வீட்டைத் தருவதாகவும், வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை அதற்கு அவகாசம் உண்டென்றும் டாட்ஸ் எழுதிக் கொடுத்தார். வியாழனன்றே வேறொருவருக்கு விற்றுவிட்டார். செய்தி மூன்றாம் நபர் மூலம் டிக்கின்சன் காதுக்கு எட்டியது. கெடுவுக்குள் அவர் சம்மதம் சொல்லியும் பலனில்லை. அவகாசம் தருவதாகச் சொன்ன வாக்குக்கு மறுபயன், அதாவது பதிலுக்குப் பணமோ வேறு பயனோ, எதுவும் பெறாததால் அது டாட்ஸைக் கட்டுப்படுத்தாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. அந்தக் கெடுவை நம்பித்தானே வாங்குபவர் பணம் புரட்டுவார்?

ஜெர்மனியில் நேர்மாறு. 1900 முதல் நடைமுறையில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பின் 145-ஆம் பிரிவின்படி, முன்மொழிந்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர். கெடு இருந்தால் அதுவரை. கடிதத்தில் கெடு குறிப்பிடாவிட்டால், பதில் வழக்கமாக வந்துசேரும் காலம் வரை. திரும்பப் பெறும் கடிதம் முன்மொழிவுக்கு முன்போ அதனுடனோ போய்ச் சேர்ந்தால் மட்டும் தப்பலாம். விலை நாளுக்கு நாள் மாறும் சந்தையில் விற்பவருக்கு இது சுமைதான். ஆனாலும் என் வாக்கு ஜெர்மானிய விதிக்கே: விலகும் உரிமை வேண்டுமென்றால், ‘இது என்னைக் கட்டுப்படுத்தாது’ என்று முன்மொழிவிலேயே எழுதிவிட அச்சட்டம் இடம் தருகிறது.