1098 குழந்தைகள் உதவி எண்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே தடுமாறுகிறது

2021 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துத் தாய் ஒருவர் தன் கைக்குழந்தையை அடிக்கும் காணொளி பரவியபோது தமிழ்நாடே கொதித்தது. தாயே தன் இரு பிள்ளைகளைக் கொன்ற 2018 குன்றத்தூர் வழக்கிலும் அப்படித்தான். இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எப்போதும் செய்தி வந்த பிறகே வருகிறது. செய்தியாகும் முன்பே, பக்கத்து வீட்டில் அலறல் கேட்கும்போதே அழைக்க வேண்டிய சேவை 1098.

1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களத் திட்டமாகத் தொடங்கியது. 2023இலிருந்து மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாநில அரசுகள் நடத்துகின்றன. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணமில்லை. இதன் மிகப் பெரிய பலம், அழைப்பவர் பெயர் சொல்லவோ ஆதாரம் காட்டவோ வேண்டியதில்லை என்பதுதான். சந்தேகமே போதும், விசாரிப்பது அவர்கள் வேலை.

ஆனால் எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் கிடைக்கும். மாவட்டம், வட்டம், தெரு, வீட்டருகே உள்ள கோயிலோ கடையோ, குழந்தையின் வயது சுமாராக, நேரில் பார்த்தது என்ன, எந்த நாள், எந்த நேரம், வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று வரிசையாகச் சொல்லுங்கள். "அவள் ராட்சசி" என்பதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. "மூன்று நாளாகத் தொடையில் சூட்டுக் காயம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவில்லை" என்றால் உடனே ஆள் கிளம்பக் காரணம் இருக்கிறது. புகாரின் குறிப்பு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியே அடி விழுந்துகொண்டிருந்தால் முதலில் 112. கதவைத் திறக்கவைக்கவும் கைது செய்யவும் போலீசால்தான் முடியும்.

தடுமாற்றம் ஆள் பலத்தில். ஒரு மாவட்ட மையத்துக்கு ஒதுக்கியிருப்பது ஓர் ஒருங்கிணைப்பாளர், மன ஆலோசனை தரும் ஓர் ஆற்றுப்படுத்துநர், மூன்று மேற்பார்வையாளர்கள், களத்துக்குப் போகும் மூன்று வழக்குப் பணியாளர்கள். மூன்று ஷிப்டாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் களத்துக்குப் போக ஒரே ஒருவர். திருவண்ணாமலை நகரத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு அவர் ஏறிப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? இதை அரசு சரிசெய்யாதவரை இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தர முடியாது.

அடுத்த கோளாறு விசாரணையில். பெற்றோர் முன்னாலேயே "அம்மா அடிச்சாங்களா?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் இல்லையென்றுதான் தலையாட்டும். தனியாக வைத்துப் பேசும்படி அழைக்கும்போதே வலியுறுத்துங்கள். சிறிய ஊரில் புகார் சொன்னது யாரென்று எளிதில் ஊகித்துவிடுவார்கள். அங்கன்வாடிப் பணியாளர் அல்லது ஆசிரியர் மூலமாகத் தகவல் போனால் அந்தப் பகை தவிரும். காயங்களை முதலில் கவனிப்பவர்களும் அவர்களே.

குழந்தையை மீட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். 15 நாளுக்குள் குடும்பச் சூழல் பற்றிய விசாரணை முடிய வேண்டும். உடனே காப்பகம்தான் என்று அஞ்ச வேண்டாம். தாத்தா பாட்டியிடமோ வேறு உறவினரிடமோ குழு ஒப்படைக்கலாம், ஆலோசனைக்குப் பின் பெற்றோரிடமே திருப்பி அனுப்பவும் செய்யலாம்.

காணொளி கையில் இருந்தால் போலீசுக்கோ குழுவுக்கோ கொடுங்கள், வாட்ஸப்பில் போடாதீர்கள். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. முகத்தை மறைத்துவிட்டுத் தாயின் பெயரையும் தெருவையும் போட்டாலும் குழந்தை அடையாளப்பட்டுவிடும். வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையும் அதைப் பார்க்க நேரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பெற்றோரே 1098ஐ அழைக்கலாம். கை ஓங்கிவிடுமோ என்று பயப்படும் தாய்க்கும் அங்கே ஆற்றுப்படுத்துநர் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் மனம் உடைந்திருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், அதுவும் இலவசம். வளர்க்கவே முடியாத நிலையில் குழந்தையைக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசமும் உண்டு. இதை மகப்பேறு வார்டுகளில் எழுதி ஒட்ட வேண்டும்.

அழைத்தும் ஆள் வரவில்லையென்றால் குறிப்பு எண்ணோடு குழந்தைகள் நலக் குழுவுக்கே எழுத்தில் மனுக் கொடுங்கள். மாதத்தில் குறைந்தது 20 நாள் அவர்கள் கூடியாக வேண்டும். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.