4,850 வெள்ளி போச்சு: அட்வென்ச்சர் மோட்டாருக்கு ஃபேரிங் மாட்டப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

பேராக், சுங்கை சிப்புட் பக்கத்து மோட்டார் நண்பர்களுக்கு. கடைப் பெயர் வேண்டாம். இணையத்தில் படம் போட்டு சாமான் விற்று, கடைவரிசையில் ஒரு லாட்டில் வைத்து மாட்டிக் கொடுக்கும் ரகம்.

என் ஹோண்டா சிபி500எக்ஸ் மோட்டாருக்கு ரேலி ஃபேரிங் (முன்பக்க மூடி), ஜிபிஎஸ் தாங்கி, இரண்டு 40 வாட் ஸ்பாட்லைட், யூஎஸ்பி சார்ஜர். சாமான் 4,150, கூலி 700. ஆக 4,850 வெள்ளி, முழுக்க முன்பணம்.

கடையில் நின்ற ஒரு மோட்டாரின் முகப்பைக் கழற்றிக் காட்டினார் கடைக்காரர். ரிலே (விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் விடும் சுவிட்ச்), பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், வயருக்கு உறை, குறை சொல்ல இடமில்லை. "தம்பி, நானும் தோட்டத்துப் பிள்ளதான். ஒங்கள ஏமாத்திட்டு இந்த ஊர்ல எப்படி நடமாடுறது?" அந்தப் பேச்சில்தான் பணம் கை மாறியது.

என் மோட்டாரைப் பிரித்தால் ரிலேயே இல்லை. இரண்டு விளக்கும் சேர்ந்து 80 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6.7 ஆம்பியர். அதை அப்படியே ஹெட்லைட் வயரில் நீலக் கிளிப்பால் கடித்து விட்டிருக்கிறார்கள். அந்தக் கிளிப் வயரின் இழைகளை அறுக்கும், மழைநீர் புகுந்து பச்சை பூக்கும். ஹெட்லைட்டுக்கும் ஸ்பாட்லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். அது போனால் செம்பனைக் காட்டு நடுவே முன்பக்கம் மொத்தமும் இருட்டு. போகவும் செய்தது.

சார்ஜரைச் சாவிக்குப் பின்னால் கொடுக்காமல் நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறார்கள். மோட்டாரை அணைத்த பிறகும் 180 மில்லிஆம்பியர் ஓடுகிறது. 8 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டே நாளில் காலி. வயர்க்கட்டை ஹேண்டில் திரும்பும் இடத்தில் இறுக்கிக் கட்டியதால் ஹேண்டிலை முழுக்க இடது திருப்பினால் சாவி வயர் விறைக்கிறது.

ஃபேரிங் 'கார்பன்' என்றார்கள். உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளை நார். கண்ணாடி நாரின் மேல் கார்பன் படம் ஒட்டியது. கார்பன் நார் கறுப்பு, தேய்த்த இடத்தில் மல்டிமீட்டர் வைத்தால் மின்சாரம் கடத்தும். கண்ணாடி நார் கடத்தாது. எம்6 போல்ட்டுக்கு ரப்பர் வளையமும் இல்லை, உள்ளே உலோகக் குழலும் இல்லை. இறுக்கிய துளையைச் சுற்றி நட்சத்திரமாக வெடிப்பு.

கேட்டால் முதலில் "சப்ளையர்கிட்ட பேசுறேன்". அப்புறம் "தீபாவளி முடியட்டும்". அப்புறம் "தண்ணி பீச்சிக் கழுவினீங்களா?" கடைசியில் "செம்மண் ரோட்டுல ஓட்டினா அப்படித்தான் பாஸ்". அட்வென்ச்சர் மோட்டாரை வேறெங்கே ஓட்டுவது, வீட்டு வாசலிலா? இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது. 4,850 வெள்ளி!

சரி, எழுத வந்ததற்கு நாலு வார்த்தை. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். ரிலே, ஃபியூஸ் அளவு, வயர் தடிமன், ஃபேரிங் எதனால் ஆனது என்பதை ரசீதிலேயே எழுத வையுங்கள். ஸ்பாட்லைட்டுக்குத் தனி 10 ஆம்பியர் ஃபியூஸ், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். வண்டியை எடுக்குமுன் ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், மோட்டாரை அணைத்த பிறகு ஓடும் மின்கசிவை மீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. பணம் அனுப்பிய சீட்டையும் வாட்சாப் பேச்சையும் அழிக்காதீர்கள். நான் மனு போடப் போகிறேன்.