சஃபாரிக்கு எங்கே போவது: மண்டாயா, மலாக்காவா, போகோரா, பேங்காக்கா?

சிங்கப்பூரில் சொந்தக் காரை ஓட்டியபடியே சிங்கத்தையும் வரிக்குதிரையையும் கடந்து செல்லக்கூடிய சஃபாரிப் பூங்கா ஒன்றுகூட இல்லை. ஆகவே பள்ளி விடுமுறை நெருங்கி, "சஃபாரிக்குப் போகலாமே" என்று வீட்டில் பேச்சு எழும்போது நம் முன்னால் இருப்பவை ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத நான்கு பயணங்கள்: சிங்கப்பூரின் மண்டாயில் ட்ராம் வண்டியில் சுற்றிவரும் நைட் சஃபாரி, மலேசியாவில் மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் இருக்கும் ஏ ஃபமோசா, ஜகார்த்தாவுக்குத் தெற்கே மலைப்பாங்கான போகோர் பகுதியில் உள்ள தாமான் சஃபாரி, பேங்காக்கின் சஃபாரி வேர்ல்ட். எங்கே விலங்குகள் அதிகம் என்று எண்ணிப் பார்த்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து கிளம்பும் வீட்டுக்கு, அன்றைய பொழுதில் எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம், அதில் எத்தனை மணி நேரம் விலங்கைப் பார்க்கிறோம் என்பதே சரியான அளவுகோல். பாட்டியின் முழங்காலும் நான்கு வயதுப் பேரனின் பொறுமையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் தீர்ந்துபோகின்றன.

வாகனத்தில் இருந்தபடியே விலங்கைப் பார்ப்பது எப்படி அமைகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். டோக்கியோவின் தாமா விலங்கியல் தோட்டம் 1964ஆம் ஆண்டிலேயே சிங்கங்களின் நடுவே பேருந்து விட்டது. இங்கிலாந்தின் லாங்லீட் 1966இல் பார்வையாளர்களின் சொந்தக் கார்களையே உள்ளே அனுமதித்தது. இன்று ஆசியாவில் உள்ள இத்தகைய பூங்காக்களும் பெரும்பாலும் அதே வழியைப் பின்பற்றுகின்றன. மான், ஒட்டகம், வரிக்குதிரை போன்ற தாவர உண்ணிகள் சாலையின் குறுக்கே தம் விருப்பம்போல் நடக்கும்; கார்தான் நின்று வழிவிட வேண்டும். புலி, சிங்கம், கரடி இருக்கும் பகுதிகளுக்கு இரட்டைக் கதவு உண்டு. பின்னால் இருக்கும் கதவு மூடிய பிறகே முன்னால் இருப்பது திறக்கும். சன்னலை ஏற்றியே வைத்திருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது என்ற விதி சடங்குக்காக எழுதப்பட்டதல்ல. பெய்ஜிங்குக்கு அருகே பாடாலிங் வனவிலங்குப் பூங்காவில் 2016 ஜூலையில் காரைவிட்டு இறங்கிய பெண்ணைப் புலி தாக்கியது. அவரைக் காப்பாற்ற ஓடிய தாயார் உயிரிழந்தார். பேங்காக் சஃபாரி வேர்ல்டில் 2025 செப்டம்பரில் வாகனத்தைவிட்டு இறங்கிய அனுபவம் மிக்க ஊழியர் ஒருவரே சிங்கங்களால் கொல்லப்பட்டார். துடிப்பான பிள்ளைகள் பின்னிருக்கையில் இருந்தால், பிள்ளைகள் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டும் வசதியைப் பூங்கா வாசலிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

சொந்தக் காரில் போவதன் இலாபம், வேகம் நம் கையில் இருப்பதுதான். ஒட்டகச்சிவிங்கியின் முன்னால் விரும்பிய அளவு நிற்கலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், குளிர்சாதனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நட்டம் என்னவென்றால் ஓட்டுபவர் விலங்கை அரைகுறையாகத்தான் பார்ப்பார்; முன்னால் போகும் காரின் பின்விளக்கிலேயே அவருடைய கண் இருக்கும். குடும்பத்தில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அந்த ஒருவருக்கு இது உல்லாசப் பயணமாகாது.

மலாக்காவை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பார்க்கும்போது இதுவே மிகவும் பொருத்தமாகத் தெரியும். விமானச் சீட்டு வேண்டாம், காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் உட்லண்ட்ஸ் கடற்பாலமோ துவாஸ் இரண்டாம் இணைப்போ, பள்ளி விடுமுறையின் சனிக்கிழமைக் காலையில் எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது சிங்கப்பூரில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டிய செய்தியல்ல. கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிச் சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியைக் கடக்கும் வசதி 2024 முதல் இருந்தாலும், பாலத்தின் மேல் நிற்கும் வரிசையை அது கரைத்துவிடுவதில்லை. அதற்கு முன்பே, சிங்கப்பூரில் பதிவான காரில் எண்ணெய்க் கலம் முக்கால் அளவாவது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் வேண்டும். அது இல்லாத சிங்கப்பூர் வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் கடந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், அங்கே சஃபாரிப் பகுதியைச் சுற்றிக் காட்டுவது பூங்காவின் வண்டிதான். நம் கார் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும். அதாவது சொந்தக் காரின் சிரமம் முழுவதும் நமக்கு, அதன் சுகம் மட்டும் இல்லை. நண்பகல் வெயிலில் சிங்கமும் புலியும் நிழலில் படுத்துறங்குவது அவற்றின் இயல்பு. எல்லையில் தாமதமாகி மதியம் போய்ச் சேரும் குடும்பத்துக்கு அவற்றின் முதுகுதான் தரிசனம். மலாக்கா நகரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பூங்காவுக்குள் நுழைவதாக இருந்தால் ஏ ஃபமோசா நல்ல தேர்வே. நகரத்தில் மலாக்காச் செட்டிகளின் பழைய குடியிருப்பையும், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலையும் பெரியவர்கள் பார்க்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்புவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நைட் சஃபாரியை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. இரவில் மட்டும் திறந்திருக்கும் விலங்குத் தோட்டங்களில் உலகிலேயே முதலாவதாக 1994 மே மாதத்தில் தொடங்கப்பட்டது இது. சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்தை உருவாக்கிய டாக்டர் ஓங் சுவீ லாவுக்கு இந்த எண்ணத்தை எடுத்துச் சொன்னவர் இலங்கையின் தெஹிவளை விலங்கியல் தோட்டத்தை நிர்வகித்த லின் டி அல்விஸ். அந்த வகையில் நமக்குப் பக்கத்து ஊர்க்காரரின் பங்கும் இதில் உண்டு. வெப்பமண்டலப் பாலூட்டிகளில் பெரும்பாலானவை பொழுது சாய்ந்த பிறகே சுறுசுறுப்பாகின்றன என்ற எளிய உண்மையின்மேல் முழுத் திட்டமும் நிற்கிறது. பகல் பூங்காக்களில் மூலையில் சுருண்டு கிடக்கும் கழுதைப்புலி இங்கே உலாவுகிறது. நீண்ட மூக்குடைய தபீர் என்ற விலங்கு ட்ராம் பாதையின் ஓரத்திலேயே மேய்கிறது. குஜராத்தின் கிர் காட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத ஆசியச் சிங்கத்தை இங்கே காணலாம். கம்பிவேலி கண்ணில் படாதபடி அகழிகளும் நீர்நிலைகளும் விலங்குகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. நிலவொளியைப் போன்ற மங்கலான விளக்குகள் விலங்குகளைத் தொந்தரவு செய்யாமல் நமக்கு மட்டும் காட்டுகின்றன. அதனாலேயே ஒளிப்படம் எடுக்கும்போது மின்னொளி (ஃபிளாஷ்) போட அனுமதி இல்லை.

ட்ராம் சுற்று ஏறக்குறைய நாற்பது நிமிடம். இதைக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. என் பார்வையில் அதுவே இதன் பெரிய பலம், ஏனெனில் முதியவர்கள் ஓர் அடிகூட நடக்காமல் பூங்காவின் பெரும்பகுதியைப் பார்த்துவிடுகிறார்கள், சிறுபிள்ளைகள் சலிப்படையும் முன்பே வண்டி திரும்பிவிடுகிறது. நடக்கத் தெம்பு உள்ளவர்கள் பிறகு சிறுத்தை நடைபாதை போன்றவற்றுக்குப் போய்வரலாம்; ட்ராமிலிருந்து காண முடியாத சில விலங்குகள் அங்கேதான் இருக்கின்றன. குறை என்று பார்த்தால், ட்ராம் நாம் விரும்பும் இடத்தில் நிற்காது. யானை எதிர்ப்பக்கம் நின்றால் பக்கத்தில் இருப்பவரின் தோளுக்கு மேலாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழைக் காலத்தோடு சேர்ந்து வருவதால் மழைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

போக்குவரத்தில் மண்டாய்க்கு நிகரே கிடையாது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்காத குடும்பங்களே அதிகம். காத்திப் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்கு இணைப்புப் பேருந்து ஓடுகிறது, ஸ்பிரிங்லீஃப் வழியாக 138ஆம் எண் பேருந்தும் போகிறது. ஸ்பிரிங்லீஃபில் இறங்கி அங்குள்ள கடையில் புரோட்டாவை முடித்துக்கொண்டு போவது, பூங்காவுக்குள் பசியோடு அலைவதைவிடப் பணத்துக்கும் வயிற்றுக்கும் இதமானது. நுழைவு நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கதவு திறக்கும் மாலை ஏழேகால் மணி நுழைவைப் பிடிப்பது நல்லது; மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லையென்றாலும், அவர்கள் ஒன்பது மணிக்குமேல் தோளில் தூங்கிவிடுவார்கள். அவ்வளவு சிறிய பிள்ளைகள் மட்டுமே இருக்கும் வீட்டுக்குப் பகலில் விலங்கியல் தோட்டமோ, பாண்டாக்கள் கைகை, ஜியாஜியா இருக்கும் ரிவர் ஒன்டர்ஸோ போதும்.

கையில் மூன்று நாளும் விமானச் சீட்டுக்குப் பணமும் இருந்தால்தான் போகோரும் பேங்காக்கும் போட்டிக்கு வருகின்றன. தனிக் காரில் சுற்றும் அனுபவம் முழுமையாகக் கிடைப்பது இந்த இரண்டிடத்திலும்தான், இரண்டு நாட்டிலும் சிங்கப்பூரைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இரண்டில் நான் போகோரின் பக்கம். ஜகார்த்தாவில் ஓட்டுநரோடு சேர்த்தே வாடகைக் கார் எடுப்பது வழக்கம் என்பதால், சற்றுமுன் சொன்ன ஓட்டுபவரின் இழப்பு இங்கே இல்லாமல் போகிறது. மலைக்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் விலங்குகளும் பகலில் அவ்வளவாகச் சோர்ந்து கிடப்பதில்லை. வழியோரக் கடைகளில் கேரட் கட்டுகள் விற்பார்கள். பூங்காவுக்குள் சன்னலைத் திறந்து உணவு நீட்டக் கூடாது என்பதால் வாங்காமல் போவதே சரி.

பேங்காக்கில் சஃபாரி வேர்ல்ட் நகர எல்லைக்குள்ளேயே இருப்பது வசதி. அங்குக் கூட்டமாக நிற்கும் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு உயரமான மேடையில் நின்று உணவு ஊட்டுவதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் விலங்கு வேடிக்கைக் காட்சிகளை அந்த இடம் நெடுங்காலமாகப் பெரிதாக வைத்திருக்கிறது. அங்கிருந்த ஓராங் ஊத்தான்களைப் பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்து, 2006இல் 48 ஓராங் ஊத்தான்கள் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. விலங்கு நலம் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் பிள்ளையோடு போகிறவர்கள், காட்சிகளைத் தவிர்த்துச் சஃபாரிப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போகோருக்கும் ஒரு பெரிய நிபந்தனை உண்டு. ஜகார்த்தாவாசிகள் வார இறுதியில் திரளாக ஏறும் புஞ்சாக் மலைச்சாலைதான் தாமான் சஃபாரிக்கும் வழி. நெரிசலைச் சமாளிக்கக் காவல்துறை அந்தச் சாலையை நேரத்துக்கு நேரம் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவதால், தவறான நேரத்தில் போய் நின்றால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். சனி ஞாயிற்றை ஜகார்த்தாவில் கழித்துவிட்டு, திங்கட்கிழமைக் காலையில் மலையேறுவதாகத் திட்டமிட்டு, அதற்கேற்ப மாலை விமானத்தையோ மறுநாள் விமானத்தையோ பதிவு செய்ய முடிகிறவர்கள் மட்டும் போகோரைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளி இரவு போய் ஞாயிறு இரவு திரும்புவதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பம் பேங்காக்குக்கே போகலாம்.