கூகுள் மேப்ஸ், பல ஆண்டுகளுக்குப் பிறகு: நாட்குறிப்பை நிறுத்தியும் வழி தெரிகிறது

சென்னைச் சாலைகளின் போக்குவரத்து நெரிசலை கூகுள் மேப்ஸ் 2012இல் நேரலையாகக் காட்டத் தொடங்கியது. அப்போதிருந்தே அதைப் பயன்படுத்துகிறேன். 2017 இறுதியில் இருசக்கர வாகனங்களுக்குத் தனி வழிகாட்டுதல் வந்த பிறகு, அதைப் பார்க்காமல் வண்டியை எடுப்பது அரிதாகிவிட்டது. பொங்கலுக்கு ஊர் கிளம்பும் இரவில் தாம்பரம், பெருங்களத்தூர்ப் பக்கம் சாலை கருஞ்சிவப்பாகத் தெரிந்தால், இப்போதே புறப்படுவதா, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதா என்று வீட்டில் முடிவெடுத்துவிடலாம். செயலி எவ்வளவு சரியாக வழிகாட்டுகிறது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்காக நாம் எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு கொடுத்தால் போதும் என்று எழுதவே நான் விரும்புகிறேன்.

அந்தக் கோட்டை வரைவது பெரும்பாலும் நம் கைப்பேசிகள்தான். சாலையில் போகும் கைப்பேசிகளின் வேகம் குறைந்தால் நிறம் மாறுகிறது. சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மன் கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார்; காலியாகக் கிடந்த சாலை வரைபடத்தில் சிவப்பானது. 2020இல் அவர் வெளியிட்ட அந்தக் காணொளி ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. நெரிசலைக் கணக்கிட, இந்த நிமிடம் இந்தச் சாலையில் எத்தனை கைப்பேசிகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பது தெரிந்தால் போதும். யாருடைய கைப்பேசி, நேற்று எங்கே இருந்தது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. இந்த முறையை 2009இல் விளக்கியபோது கூகுளே, ஒவ்வொரு பயணத்தின் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நிரந்தரமாக அழித்துவிடுவதாகச் சொன்னது.

நாம் போன இடங்களை நாள்வாரியாக நாட்குறிப்புபோலச் சேமித்துவைக்கும் டைம்லைன் முற்றிலும் வேறு. 2015இல் வந்த அந்த வசதியை நானே விரும்பி இயக்கினேன். அலுவலகப் பயணப் படி எழுதவும், முன்பு போன ஓர் ஊரில் எந்த விடுதியில் தங்கினோம் என்று தேடவும் மிகவும் உதவியது. பிறகு ஒரு நாள் பழைய மாதங்களைப் பொறுமையாகப் புரட்டினேன். எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் இருந்தேன், எந்தக் கோயிலுக்கு எந்தக் கிழமை போகிறேன், எந்த உறவினர் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டேன் என்பதெல்லாம் வரிசையாக இருந்தன. என் மனைவிக்கும் இவ்வளவு ஒழுங்காக என்னால் சொல்ல முடியாது.

பெயரை நீக்கிவிட்டால் ஆபத்து இல்லை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 15 லட்சம் பேரின் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் அவர்களில் 95 சதவீதத்தினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. வீடு, அலுவலகம், பிள்ளையின் பள்ளி, மாதம் ஒருமுறை போகும் மருத்துவர்: நம்மில் யாருக்கும் நான்கு புள்ளிகள் எளிதாகத் தேறிவிடும். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில், திருட்டு நடந்த ஒரு வீட்டைக் கடந்து சைக்கிள் ஓட்டிப் போனவர்மீது, அந்த இடத்தின் இருப்பிடப் பதிவுகளைக் காவல்துறை கேட்டு வாங்கியதால் மட்டுமே சந்தேகம் விழுந்தது. வழக்கறிஞர் வைத்துத்தான் அவர் அதிலிருந்து மீண்டார். அவர் செய்ததெல்லாம் உடற்பயிற்சி.

இதைப் படித்த பிறகு டைம்லைனை நிறுத்தினேன். அதன்பின் நெரிசல் கோடுகளோ, போய்ச்சேரும் நேரக் கணிப்போ எனக்குக் கொஞ்சமும் மோசமாகவில்லை. நிறுத்த நினைப்பவர்கள் இன்னோர் அமைப்பையும் பார்க்க வேண்டும். டைம்லைனுக்கு அடிப்படையான இருப்பிட வரலாறு என்ற அமைப்பை அணைத்தாலும், இணையம் மற்றும் செயலிச் செயல்பாடு என்ற வேறோர் அமைப்பின் வழியே இருப்பிடம் சேமிக்கப்பட்டதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலருக்கு கூகுள் சமரசம் செய்துகொண்டது. இரண்டையும் அணைத்தால்தான் அணைத்ததாகப் பொருள்.

ஆனாலும் கொரோனா காலத்தில் டைம்லைனை மறுபடி இயக்கினேன். பதிவுகள் மூன்று மாதத்தில் தானாக அழியும்படி வைத்துக்கொண்டேன். 2020 ஏப்ரலில் கூகுள் வெளியிடத் தொடங்கிய நடமாட்ட அறிக்கைகள், இருப்பிட வரலாற்றை விரும்பி இயக்கியிருந்தவர்களின் தரவைக் கொண்டே தயாரிக்கப்பட்டன. கடைத்தெரு, பூங்கா, பணியிடம் ஆகியவற்றில் கூட்டம் எத்தனை சதவீதம் குறைந்தது, கூடியது என்று மட்டுமே அவை சொல்லின. எண்களில் வேண்டுமென்றே சிறு பிசகு கலந்து தனிமனிதத் தடத்தை மறைத்தார்கள்; தரவு குறைவான இடங்களை வெற்றாக விட்டார்கள். ஊரடங்கால் உண்மையில் நடமாட்டம் குறைந்ததா என்பதை ஆராய்ச்சியாளர்களும் அரசுகளும் அதைக் கொண்டு பார்க்க முடிந்தது. 2022 அக்டோபரில் புதிய அறிக்கைகளை நிறுத்தினார்கள். எதற்காக என்று சொல்லிக் கேட்டு, கூட்டிய கணக்கை மட்டும் வெளியிட்டு, தேவை தீர்ந்ததும் நிறுத்துவதானால் என் நடமாட்டத்தைத் தர எனக்கு இன்றும் தயக்கம் இல்லை. நோய் பரவும்போது என் தடம் என்னுடையது மட்டும்தான் என்று கதவைச் சாத்திக்கொள்வது சரியல்ல என்று உறுதியாக நினைக்கிறேன்.

2023 டிசம்பரில் கூகுள் பெரிய மாற்றம் ஒன்றை அறிவித்தது. டைம்லைன் இனி நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்காது. அவரவர் கைப்பேசியிலேயே இருக்கும். அடுத்த ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கணினியில் திறந்து பார்க்கும் வசதி போய்விட்டதே என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது. நாட்குறிப்பு அவரவர் கைக்கு வந்த பிறகும் பெருங்களத்தூர் அதேபோலச் சிவக்கிறது என்றால், ஊருக்குப் பயன்படும் தரவும் என்னை அடையாளம் காட்டும் தரவும் முதலிலிருந்தே பிரிக்கக்கூடியவையாகத்தான் இருந்திருக்கின்றன.

இந்தப் பிரிவினையை மற்ற செயலிகளிடமும் கேட்க வேண்டும். நான் பயன்படுத்திய மருந்து விற்பனைச் செயலி ஒன்று, எந்நேரமும் இருப்பிடம் வேண்டும் என்று கேட்டது. மருந்து கொண்டுவர முகவரி போதாதா? அதை நீக்கிவிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்கே போகிறேன். தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் தந்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், இயக்க ஒரு தட்டலும் அணைக்க ஐந்தாறு திரைகளும் வைத்திருக்கும் செயலிகள் எதுவும் தேறாது.

என் கைப்பேசியில் இப்போது மேப்ஸுக்கு, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிட அனுமதி, டைம்லைன் மறுபடி அணைந்திருக்கிறது, வழிகாட்டுதல் வழக்கம்போல. அடுத்த பதிப்பில் முதல் திரையிலேயே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: உங்கள் வேகத்தை நெரிசல் கணக்குக்குத் தருகிறீர்களா? உங்கள் தடத்தைச் சேமிக்கலாமா? முதல் கேள்விக்கு நான் உடனே ஆம் என்பேன்.