‘ஹார்டனர் போட்ட ஜெலட்டின் தாள்’ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

கம் பிரிண்ட் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம் அராபிக் பிசின், வாட்டர்கலர், வெயில் பட்டால் பிசினை இறுகவைக்கும் டைக்ரோமேட் உப்பு மூன்றையும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வைத்து வெயில் காட்டி, தண்ணீரில் கழுவிப் படம் எடுக்கும் பழைய முறை இது; கம் பைக்ரோமேட் என்றும் சொல்வார்கள். நிறத்துக்கு ஒரு கோட். ‘ஜெலட்டின் சைஸிங் செய்து ஹார்டனர் போட்டது, கம் பைக்ரோமேட்டுக்கு ஏற்றது’ என்று ஆன்லைனில் விற்ற காட்டன் தாளை ஒரு கட்டு வாங்கினேன். வெறும் தாளைவிட மூன்று மடங்கு விலை. சைஸிங் என்பது நிறம் தாளின் நாருக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சு; ஹார்டனர் என்பது அந்தப் பூச்சு தண்ணீரில் கரையாமல் இறுக்கும் ரசாயனம். அதில் ஜெலட்டின் இருக்கிறது, ஹார்டனர் மட்டும் துளிகூட இல்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படம் அது. உப்புக் குவியல்கள் தாளின் வெள்ளையிலேயே நிற்க வேண்டும். முதலில் போட்ட நீலக் கோட் அருமையாகக் கழுவி வந்தது. இரண்டாவதாகச் சிவப்பு போட்டு, வெயில் காட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டபோது தாளின் மேற்பரப்பு விரலில் வழவழவென்று நழுவியது. எவ்வளவு நேரம் ஊறவிட்டும் குவியல்களில் ஏறிய சிவப்பு இறங்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நார்நாராக நிறம் உள்ளே இறங்கியிருக்கிறது.

காரணம் எளிது. ஹார்டனர் இல்லாத ஜெலட்டின், தண்ணீர் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கரையத் தொடங்கும். மே மாதத்தில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சூட்டில்தான் வருகிறது. ஃபார்மலின், கிளையாக்ஸால், குரோம் ஆலம் இவற்றில் ஏதாவது ஒன்றால் இறுக்கினால்தான் அந்தப் படலம் பல கழுவல்களைத் தாங்கும். கம் பிரிண்டில் மூன்று நான்கு கோட் சாதாரணம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “ஜெலட்டின்தான் நல்லா போட்டிருக்கோமே சார், ஹார்டனர் எதுக்கு? வாசனை வரும்னு விட்டுட்டோம்” என்றார். அப்படியானால் விளம்பரத்தில் ஏன் போட்டீர்கள் என்றதற்குப் பதில் இல்லை. நனைந்த தாளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். நனைக்காமல் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தத் தாளுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் நிறைய. நிதானமாகப் படித்தால் எல்லாரும் சயனோடைப் (இரும்பு உப்புகளால் நீலப் படம் எடுக்கும் முறை) போட்டவர்கள். ஒரே கோட், குளிர்ந்த நீரில் கழுவல். அதற்கு இந்தத் தாள் போதும். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த நட்சத்திரங்கள் நமக்கு உதவாது.

கட்டு வந்ததும் ஒரே ஒரு தாளில் விரலகலத் துண்டு வெட்டி, 50 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஹார்டனர் இல்லை. அதே துண்டைக் காயவைத்து, டைக்ரோமேட் சேர்க்காமல் கம் அராபிக்கும் வாட்டர்கலரும் கலந்து பூசுங்கள். காய்ந்ததும் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டால் முழுதும் போய்விட வேண்டும். கறை நின்றால் சைஸிங் சரியில்லை. இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள், மீதித் தாள்களைத் தொடாதீர்கள்.

நான் இனி வீட்டிலேயே செய்துகொள்ளப் போகிறேன். லிட்டருக்கு 30 கிராம், 250 புளூம் ஜெலட்டின் (புளூம் என்பது ஜெலட்டினின் பலத்தைச் சொல்லும் அளவு). குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து 60 டிகிரிக்குள் கரைக்க வேண்டும், கொதித்தால் அதன் பலம் போய்விடும். அப்புறம் கிளையாக்ஸால், கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில். காய்ந்தபின் நன்றாக அலசாவிட்டால் தாள் மஞ்சளாகிவிடும்.

பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே தாளை வாங்கியவர்கள் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இப்போதே எடுத்து வையுங்கள். ‘ஹார்டனர்’ என்ற சொல் நேற்றே அங்கிருந்து காணாமல் போய்விட்டது.