டி.ஏ. அக்வா மாஸ்டர்: பழைய இரட்டைக் குழல் ரெகுலேட்டரில் முங்கிப் பார்த்தது

உவரியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவரின் மகன் நான். யு.எஸ். டைவர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1958-ல் கொண்டுவந்த இந்த ரெகுலேட்டரை (முதுகுச் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி) பழசாகத்தான் வாங்கினேன். டப்பா பிடரிக்குப் பின்னால் உட்காரும். வலது குழலில் காற்று வரும், இடது குழலில் விட்ட மூச்சு போகும்.

“அப்படியே மாட்டி இறங்கலாம்” என்றார் விற்றவர். நல்லவேளை, கடலுக்குப் போகாமல் திசையன்விளையில் அத்தான் தோட்டத்துக் கிணற்றில் முங்கினேன். இரண்டு ஆள் ஆழத்தில் மூச்சோடு தண்ணீரும் வாய்க்குள் வந்தது. மேலேறி, குழலின் ஒரு முனையைப் பொத்தி, வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதினோம். மடிப்புகளுக்குள்ளிருந்து பொடிக்குமிழி சரம் சரமாகக் கிளம்பியது. இழுத்துப் பிடித்து டார்ச் அடித்தால், மடிப்பின் அடியில் நகக்கீறல் போல வெடிப்பு. மடங்கிக் கிடக்கையில் கண்ணுக்கே தெரியாது. வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

குழல், டயாபிரம் (மூச்சு இழுத்தால் அசைந்து காற்றைத் திறந்துவிடும் சவ்வு), மூச்சு வெளியேறும் வால்வு எல்லாம் சிலிகானில் புதிதாகப் போட்டேன். உள்ளே சீட் (வால்வு உட்கார்ந்து அடைக்கும் இடம்), ஸ்பிரிங் வேலையை விவரம் தெரிந்த ஆளிடம் கொடுத்து, அழுத்தத்தை மீட்டர் வைத்துச் சரிபார்த்தேன். இதில் சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜ் மாட்டத் துளை கிடையாது. சிலிண்டரில் மாட்டும் கவ்வியான யோக்குக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பாஞ்சோ ஃபிட்டிங் (பக்கத்தில் துளை உள்ள வளையம்) வைத்துக் கேஜ் சேர்க்கலாம். அந்தச் செலவுக்கு யோசிக்கிறவர் இதை வாங்கவே வேண்டாம்.

இப்போது தூத்துக்குடிக் கடலில் 8 மீட்டரில் அருமையாக இருக்கிறது. குமிழி தலைக்குப் பின்னால் போவதால் முகத்துக்கு முன் சத்தமே இல்லை, மீன் விலகாமல் நிற்கிறது. குப்புற நீந்தும்போது டப்பா நுரையீரலைவிட மேலே இருப்பதால், மூச்சைக் கொஞ்சம் இழுத்துத்தான் வாங்க வேண்டும். மல்லாந்தால் காற்று தானாகக் கொட்டும். குழலில் தண்ணீர் ஏறினால் இடப்பக்கம் சாய்ந்து ஊதினால் போதும்.

எங்க ஊர்ப் பையன்களுக்கு ஒன்று. அப்பாவுக்கு மூச்சை அடக்குவதுதான் தொழில். அவர் மேலே இழுத்த காற்றோடு இறங்கி அதே காற்றோடு ஏறினார். நாம் அடியில் அழுத்தமான காற்றை வாங்குகிறோம். 10 மீட்டரில் நிரம்பிய நெஞ்சை அடக்கிக்கொண்டு ஏறினால் அது இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். ஏறும்போது மூச்சு விட்டுக்கொண்டே ஏறுங்கள்.

கரைக்கு வந்ததும் காற்று நுழையும் வாயை மூடி போட்டு இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் அலசுகிறேன். குழல்களைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துகிறேன். ரப்பர் பளபளக்கட்டும் என்று அம்மா தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள், தடுத்துவிட்டேன். கசிவு தடுக்கும் வளையமான ஓ-ரிங்குக்கு மட்டும் துளி சிலிகான் கிரீஸ், வேறெதுவும் கிடையாது.