புள்ளியா, நாக்டவுனா, கிளவுஸா? மோதலில் இறங்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்துகொண்டு அக்கா மகன் கேட்டான்: “மாமா, இத்தனை வருஷம் புள்ளிக் கராத்தே ஆடியாச்சு. இனி முழுசா அடி விழுற போட்டியில இறங்கணும். கியோகுஷினா, கிக்பாக்ஸிங்கா, எதுக்குப் போகட்டும்?” அவனுக்குப் பதினேழு வயது, 168 செ.மீ. உயரம், 58 கிலோ. நான் பள்ளியில் புள்ளிக் கராத்தே (கட்டுப்படுத்தி அடிக்கிற அடிக்குப் புள்ளி) ஆடினேன், அப்புறம் ஆறு வருடம் நாக்டவுன் (கியோகுஷினில் ஆடுகிற வெறுங்கை, முழு அடிக் கராத்தே), நடுவில் ஒரு வருடம் கிளவுஸ் போட்டு ஆடுகிற கிக்பாக்ஸிங். அதனால் என்னிடம் கேட்டான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு சயான், செம்பூர், அன்டாப்ஹில் பக்கம் நிறையப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

முதலில் இரண்டு சண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக், நிப்பான் புடோகான் அரங்கம், 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமேதி 4-1 என்று முந்தியிருந்தார். அவர் விட்ட ஒரு உதை தலையில் விழுந்து இரானின் சஜ்ஜாத் கஞ்ஜாதே அப்படியே சரிந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கம் யாருக்கு? மயங்கி விழுந்த கஞ்ஜாதேவுக்கு. கட்டுப்பாடில்லாமல் அடித்ததாக ஹமேதியைத் தகுதிநீக்கம் செய்து வெள்ளி கொடுத்தார்கள்.

1991, அதே டோக்கியோ, கியோகுஷினின் ஐந்தாவது உலக ஓபன் போட்டி. சுவிட்சர்லாந்தின் ஆண்டி ஹூக்கும் பிரேசிலின் பிரான்சிஸ்கோ ஃபில்ஹோவும் மோதினார்கள். நடுவர் ‘யாமே’ என்று நிறுத்தச் சொன்ன கணத்தில் ஹூக் கையைத் தளர்த்திவிட்டார், ஃபில்ஹோவின் கால் அதற்குள் கிளம்பியிருந்தது, தலையில் பட்டு ஹூக் விழுந்தார். வெற்றி ஃபில்ஹோவுக்கே போனது.

இரண்டுமே கராத்தேதான், இரண்டிலும் வெள்ளை உடைதான். ஆனால் ஒன்றில் விழுந்தவர் ஜெயித்தார், இன்னொன்றில் விழவைத்தவர் ஜெயித்தார். இதில் எது நியாயம் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும், அது எனக்கு முக்கியமும் இல்லை. நான் மருமகனிடம் சொன்னது வேறு. எந்த விதியில் வருடக்கணக்காக மோதுகிறாயோ, அந்த விதி கேட்கிற பழக்கம் உன் கையிலும் காலிலும் ஊறிவிடும், அடுத்த விதிக்குப் போகும்போது அதே பழக்கம்தான் உன்னை மாட்டிவிடும். அதனால் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மட்டும் பார்க்காதே, எந்தப் பழக்கம் ஒட்டப்போகிறது என்றும் பார்.

புள்ளிக் கராத்தேயை எடுத்துக்கொள்வோம். கையால் குத்தினால் 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் சண்டை முடிந்தது, இல்லையென்றால் மூன்று நிமிடம். முழு அடி ஆடுகிறவர்கள் பலர் இதை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தூரம் அளக்கிற கண்ணும், எதிராளி தோள் அசையும்போதே உள்ளே பாய்ந்து வெளியே வருகிற காலும் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. போக வழியும் இருக்கிறது: எடைப் பிரிவு, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏணி தெளிவு, 1994 ஹிரோஷிமாவிலிருந்து ஆசிய விளையாட்டிலும் கராத்தே உண்டு. ஒலிம்பிக்கில் அந்த ஒரு முறையோடு சரி, 2024 பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. ஒட்டிக்கொள்கிற பழக்கம் என்னவென்றால், அடி பட்டதும் நிற்பது. குத்து தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு நடுவரைப் பார்ப்பது. நான் நாக்டவுனுக்குப் போன முதல் மாதம் முழுக்க இதனால்தான் உதை வாங்கினேன். என் குத்து நன்றாகவே விழும், விழுந்ததும் அரை நொடி நிற்பேன், அந்த அரை நொடியில் எதிராளி மூன்று குத்தை நெஞ்சில் இறக்கியிருப்பார்.

இனி நாக்டவுன். என் மனசு இதில்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. மாஸ் ஒயாமா உருவாக்கிய கியோகுஷின் 1969-இல் ஜப்பானில் முதல் ஓபன் போட்டி நடத்தியது, 1975-இல் முதல் உலகப் போட்டி. 1994-இல் ஒயாமா இறந்த பிறகு அமைப்பு பல துண்டானது, அதனால் இன்று ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் விதி கொஞ்சம் மாறும், ஆனால் அடிப்படை ஒன்றுதான். வெறுங்கை. உடம்பில் குத்தலாம், முகத்தில் கையால் குத்தக்கூடாது. காலால் தொடை முதல் தலைவரை எங்கும் அடிக்கலாம், முழங்காலும் உண்டு. விழுந்து மூன்று நொடிக்குள் எழ முடியவில்லை என்றால் இப்பொன், சண்டை முடிந்தது. மூன்று நொடிக்குள் எழுந்துவிட்டால் வசாரி, இரண்டு வசாரி ஒரு இப்பொன். தொட்டதற்கெல்லாம் புள்ளி கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. உலக ஓபனில் எடைப் பிரிவே கிடையாது. மூன்று நிமிடம் சமன், நீட்டிப்பு இரண்டு நிமிடம் சமன், அடுத்த இரண்டும் சமன் என்றால் இரண்டு பேரையும் எடை மிஷினில் ஏற்றுவார்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் எடை குறைந்தவருக்கு வெற்றி. அதிலும் தீரவில்லையா, அந்தப் போட்டியின் பலகை உடைக்கிற சோதனையில் யார் அதிகம் உடைத்தார்களோ அவருக்கு. பெரிய ஆளிடம் ஏழு நிமிடம் தாக்குப்பிடித்த சின்ன ஆளை விதியே மதிக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். 1991-இல் அந்தப் போட்டியையே ஜெயித்த கென்ஜி மிடோரி உயரத்தில் சின்னவர்தான். ஆனால் நம்ம ஊர்ப் போட்டிகளில் எடைப் பிரிவு இருக்கும், பயப்பட வேண்டாம்.

என் முதல் நாக்டவுன் சண்டையில் நான் ஒரு முறைகூட விழவில்லை, ஆனாலும் தோற்றேன். எதிராளி தாணேக்காரர், என்னைவிடக் குள்ளம், தலைக்கு ஒரு உதைகூட விடவில்லை. இடது தொடையில், முட்டிக்கு ஒரு சாண் மேலே, வெளிப்பக்கமாக, ஒரே இடத்தில் லோ கிக். முதல் நான்கைந்து வெறும் எரிச்சல்தான். பத்தாவது உதைக்கு மேல் அந்தக் கால் என் காலாகவே இல்லை, பாரத்தை அதில் வைக்கப் போனால் முட்டி தானாக மடங்கியது, அது கொடிபிடித்த நான்கு நடுவர்களுக்கும் தெரிந்தது. சாயங்காலம் லோக்கல் ரயிலில் சயான் வந்து இறங்கினேன். பாலத்தில் ஏறுகிறபோது ஒன்றும் தெரியவில்லை, இறங்குகிறபோதுதான் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து, இடதை இழுத்துக்கொண்டு வந்தேன். மூன்று நாளைக்குக் கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை.

இதை எழுதக் காரணம் வேறு ஒன்றும் உண்டு. வீட்டுக்குப் போனதும் அம்மா தைலத்தைச் சூடாக்கிக்கொண்டு வந்து தேய்க்க உட்கார்ந்துவிட்டார்கள். கன்றிப்போன தொடையை முதல் இரண்டு நாள் தேய்க்கவே கூடாது, சூட்டு ஒத்தடமும் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் கசிவு அதிகமாகும், சில பேருக்கு அந்தச் சதைக்குள்ளேயே எலும்புபோல் இறுகிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் முட்டி மடங்காது. முட்டியை நன்றாக மடக்கி வைத்துக்கொண்டு, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைப்பதுதான் சரி. பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து கேளுங்கள்.

சரி, நாக்டவுன் ஒட்டுகிற கெட்ட பழக்கம் என்ன? முகத்தைத் திறந்துபோட்டு நிற்பது. கையால் முகத்துக்கு வராது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் இரண்டு கையும் நெஞ்சுக்கு இறங்கிவிடும், நெற்றியை எதிராளி தோளில் முட்டுகிற தூரத்தில் நின்று மாறி மாறிக் குத்திக்கொண்டிருப்போம். மேலே சொன்ன அதே ஆண்டி ஹூக் கிளவுஸ் போட்டு கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டிக்குப் போனபோது, 1994-இல் பாட்ரிக் ஸ்மித் என்பவரிடம் 19 நொடியில் தோற்றார். உலகத் தரத்தில் உதைக்கத் தெரிந்த ஆளுக்கே அந்த நிலைமை. அவர் பாக்ஸிங்கை ஒழுங்காகப் படித்து, 1996-இல் அதே கே-1 கிராண்ட் பிரியை ஜெயித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழக்கத்தை மாற்ற முடியும், அதற்கு வருடம் பிடிக்கும்.

கிக்பாக்ஸிங்குக்கு வருவோம். இங்கேதான் வீட்டில் உள்ளவர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அக்காவும் அதைத்தான் கேட்டாள்: “அதுல கிளவுஸும் தலைக் கவசமும் இருக்கே தம்பி, அதுதானே பத்திரம்?” கிளவுஸ் காப்பது அடிக்கிறவன் கையை. பஞ்சு வைத்த கையால் பயமில்லாமல் தலையில் பலமாகவும் திரும்பத் திரும்பவும் குத்த முடியும். வெறுங்கையால் மண்டையில் குத்தினால் விரல் எலும்பு போய்விடும் என்ற பயம் இருக்கிறதே, அது இங்கே இல்லை. தலைக் கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. நான் ஆடிய அந்த ஒரு வருடத்தில் என் தொடையில் கறுப்பு விழுந்தது குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) முடிந்து சனிக்கிழமை வேலைக்குப் போனால், கணக்குத் தாளில் ஒரே வரியை மூன்று தரம் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கிளவுஸைக் கழற்றி வைத்தேன். நாக்டவுனிலும் தலைக்கு உதை வரும், மயங்கினவர்கள் உண்டு, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சண்டையில் தலைக்கு விழுகிற அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம்.

கிக்பாக்ஸிங்குக்கு ஒரு நல்ல வார்த்தை: முழு அடியில் இறங்காமலே லைட் கான்டாக்ட், கிக் லைட் என்று படிப்படியாக ஏற வழி வைத்திருக்கிறார்கள். ரிங்குக்குள் போனாலும் அமெச்சூர் சண்டை இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று ரவுண்டுதான். பாக்ஸிங் கை வேண்டும் என்றால் அங்கே போய்ப் படிப்பதில் தப்பே இல்லை.

நான்காவதாகக் கூடோ. இதில் நான் இறங்கியதில்லை, பக்கத்தில் நின்று பார்த்ததுதான். தகாஷி அஸுமா 1981-இல் செண்டாயில் தொடங்கிய டைடோ ஜுகு என்ற பள்ளியிலிருந்து வந்தது, அவரும் கியோகுஷின்காரர்தான். கண்ணாடி மாதிரி முகமூடி வைத்த கவசம், முகத்தில் குத்தலாம், பிடித்து எறியலாம், தரையிலும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டலாம். எடையை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் எடையையும் கூட்டிப் பிரிவு போடுவார்கள்: மருமகனுக்கு 168-உம் 58-உம் கூட்டினால் 226, ஆக 230-க்குக் கீழ். ஒல்லியான நெட்டைப் பையன்களுக்கும் குண்டான குட்டைப் பையன்களுக்கும் இது நியாயமான கணக்கு. அக்‌ஷய் குமார் பெயரில் போட்டி நடப்பதால் மும்பையில் பெயர் தெரிந்த விளையாட்டும்கூட. நாலில் முழுமையானது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மல்யுத்தப் பிடி தெரியாத பையன் நேராக இதற்குள் போனால் எல்லாவற்றிலும் அரைகுறையாக நிற்பான், கவசச் செலவும் தனி.

எதைத் தேர்ந்தாலும் போட்டி நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டாக்டர் சண்டை விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாரா, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்குமா? நான் போன ஒரு போட்டியில் ஒரு பையன் தலையில் உதை பட்டு விழுந்து, கண் திறந்தும் பேச்சு குளறினான். டாக்டர் இல்லை. அவன் மாஸ்டரும் நானும் ஆட்டோவில் அவனை நடுவில் உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, மழையில், டிராஃபிக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் பிழைத்தான், நன்றாகவே இருக்கிறான். அந்த ஆட்டோவில் நாற்பது நிமிடம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். தலையில் பட்டு ஒரு நொடி நினைவு தப்பினாலும் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த சுற்று கிடையாது, டாக்டர் சொல்லும்வரை ஸ்பாரிங்கும் கிடையாது. மாஸ்டர் “ஒண்ணுமில்ல, எழுந்திரு” என்றாலும் எழுந்திருக்காதே என்று மருமகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று மழைக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இங்கே உடை காயாது, ஈர விரிப்பில் படர்தாமரை ஒருவரிடமிருந்து ஒன்பது பேருக்குப் போகும். இரண்டு செட் உடை, நகம் வெட்டு, வகுப்பு முடிந்ததும் குளி.

என் முடிவு இதுதான். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புள்ளிக் கராத்தே, அதில் இரண்டாம் யோசனையே இல்லை. பதினெட்டைத் தாண்டி, வேலைக்கும் போய்க்கொண்டு, முழு அடியில் தன்னைப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு நாக்டவுன், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது யாராவது முகத்துக்குக் கை நீட்டுகிற பயிற்சியும் வேண்டும், இல்லையென்றால் கை இறங்கிவிடும். கிக்பாக்ஸிங் ரிங் சண்டை, அதையே வாழ்க்கையாக எடுக்கிறவருக்கு. கூடோ, ஜூடோவோ குஸ்தியோ தெரிந்தவருக்கு.

மருமகன் நாக்டவுன் என்று முடிவு செய்துவிட்டான். பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, அது முடியட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள், நானும் அதையே சொன்னேன். அதுவரை புள்ளிக் கராத்தேயை விட வேண்டாம், அதோடு தினமும் மாடியில் என் தொடைப் பேடில் இரு காலாலும் ஐம்பது ஐம்பது லோ கிக், அவன் தொடையில் நான் மெதுவாக இருபது. நேற்று பன்னிரண்டாவதில் முகம் சுளித்தான், ஆனால் கை கன்னத்தை விட்டு இறங்கவில்லை.